கடலின் உணவுச் சங்கிலி

வைகறைப் பொழுதிற் பருத்தித்துறைக் கரையிலே வள்ளங்கள் வந்து சேருகின்றன. வலைகளிலிருந்து மீன்கள் மணலிற் கொட்டப்படுகின்றன. ஒரு புறம் வெள்ளிக்காசுகளைக் குவித்தாற்போலச் சூடையும் நெத்தலியும் கிடக்கின்றன. மறுபுறம் ஓர் அறக்குளா, நீண்டு பருத்துப் பளபளவென்று கிடக்கின்றது. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவன் ஒருவன் அந்த அறக்குளாவின் முன் வியந்து நிற்கின்றான். "அப்பா, இந்த மீன் எதைத் தின்று இவ்வளவு பெரிதாக வளர்ந்தது?" என்று கேட்கின்றான். "அதோ கிடக்கின்றதே சூடை, அதைத் தின்றுதான்" என்று தந்தை விடை கூறுகின்றார். "அப்படியானால், சூடை எதைத் தின்றது?" என்பது சிறுவனின் அடுத்த வினா. தந்தை சற்றுத் தயங்குகின்றார்.

தயங்குவது இயல்பே. தரையிலே இத்தகைய வினாவுக்கு விடை கூறுதல் எளிது. ஆடு குழையைத் தின்கின்றது. மாடு புல்லைத் தின்கின்றது. குழையும் புல்லும் வயலிலும் வேலியிலும் கண்முன்னே நிற்கின்றன. கடலிலோ கரையோரத்திற் சிறிது சாதாளையும் கடற்புல்லும் காணப்படுவதன்றி, அப்பாற் பார்த்த இடமெல்லாம் நீராகவே இருக்கின்றது. அங்கே மேய்ச்சல் நிலம் எங்கே? அந்தச் சிறுவனின் இரண்டாவது வினா கடலைப்பற்றிக் கேட்கத்தக்க வினாக்களுள் மிகச் சிறந்தது ஆகும்.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் என்பது யாவரும் அறிந்த செய்தி. வலியோர் மெலியோரை விழுங்கும் நிலையினைப் பண்டைய அரசியல் நூலார் 'மச்ச நியாயம்' என்று குறித்தனர். திமிங்கிலம் என்ற சொல்லும் இக்கருத்திலே பிறந்ததுதான். திமி என்பது ஒரு பெருமீனின் பெயர். அத்திமியை விழுங்குவது திமிங்கிலம். அத்திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று பழங்கதைகள் கூறும். மேலே மேலே செல்லும் இக்கற்பனை அழகியதே. ஆயினும் கடலின் உண்மையை அறிய விரும்புவோர் மேலே ஏறினாற் போதாது. கீழே இறங்குதல் வேண்டும். அறக்குளாவைச் சூடை தாங்குகின்றது. சூடையைத் தாங்குவது எது? அதனைத் தாங்குவது எது? இவ்வாறு ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினால், உணவுச் சங்கிலியின் கீழ்நுனி கைக்குக் கிடைக்கும்.

அந்தக் கீழ்நுனியிலே இருப்பவை கண்ணுக்குப் புலப்படாத செடிகள். தெளிவாகத் தோன்றும் கடல்நீரில் ஒரு குவளை மொண்டு, உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதனுள் இலட்சக்கணக்கான நுண்ணுயிர்கள் இருத்தல் தெரியும். வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. ஒவ்வொன்றும் ஒரே உயிரணுவாலானது. நீந்திச் செல்லும் வலிமையின்றி நீரோட்டம் கொண்டுபோன வழியே இவை மிதந்து செல்லும். 1887-ஆம் ஆண்டில் விக்ரர் ஹென்சன் என்னும் ஜேர்மானிய அறிஞர் இவ்வாறு மிதந்து திரியும் உயிர்களுக்கெல்லாம் 'பிளாந்தன்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அலைந்து திரிவது என்பது அச்சொல்லின் பொருள். அவற்றுட் செடியினத்தைச் சேர்ந்தவை தாவரப் பிளாந்தன் எனவும், விலங்கினத்தைச் சேர்ந்தவை விலங்குப் பிளாந்தன் எனவும் கூறப்படும்.

தாவரப் பிளாந்தன்களுட் சிறப்பு வாய்ந்தவை தயற்றங்கள். கண்ணாடி எந்தப் பொருளால் ஆகின்றதோ, அந்தச் சிலிக்காவினாலேயே இவை தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. வட்டமாகவும், முக்கோணமாகவும், படகு போலவும் அமைந்த அக்கூடுகள் மூடியோடு கூடிய சிமிழ்களை ஒத்தவை. அச்சிமிழுக்குள் இருக்கும் உயிர், சூரியவொளியைப் பற்றிக்கொண்டு, நீரிலே கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்குகின்றது. தென்னை ஓலையிலும் நெற்பயிரின் தாளிலும் நிகழும் அதே ஒளித்தொகுப்புத்தான் இது. அத்தொழிலிலே ஒட்சிசன் வெளிப்படுகின்றது. உலகில் நிகழும் ஒளித்தொகுப்பு முழுவதிலும் ஏறக்குறையப் பாதி கடலிலேதான் நிகழ்கின்றது என்பது அறிஞர் கணக்கு. காடுகளையும் வயல்களையும் ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டிற் சமமாக நிற்பவை கண்காணா இச்செடிகளே.

இதில் ஒரு வியப்பு உண்டு. எந்த ஒரு நாளிலும் கடலில் உள்ள தாவரப் பிளாந்தன்களை எல்லாம் திரட்டி நிறுத்தால், அந்நிறை உலகத்துச் செடிகொடிகளின் நிறையில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. அவ்வளவு சிறிய தொகுதி அவ்வளவு பெரிய தொழிலை எங்ஙனம் செய்கின்றது? அவை விரைவாகப் பெருகுகின்றன. ஒரு பனை வளர்ந்து பயன்தரப் பல ஆண்டுகள் ஆகும். தயற்றமோ தக்க நிலையிலே ஒரு நாளில் இரண்டாகும், மறுநாள் நான்காகும். பெருகப் பெருக உண்ணப்படுகின்றது. உண்ண உண்ணப் பெருகுகின்றது. ஆதலாற் குவியல் சிறிதாயினும் விளைச்சல் பெரிது.

பயிருக்கு ஒளி மட்டும் போதாது. உரமும் வேண்டும் என்பதை உழவர் அறிவர். நைதரசன், பொசுபரசு, இரும்பு முதலிய சத்துக்கள் கடற்பயிருக்கும் இன்றியமையாதவை. இங்கேதான் கடலுக்கு ஒரு சங்கடம் நேர்கின்றது. சூரியவொளி பயிருக்குப் பயன்படுமளவு தெளிந்த கடலிலும் 200 மீற்றர் ஆழம் வரையிலேதான் செல்லும். உரமோ, இறந்த உயிர்களின் உடல்களோடும் கழிவுகளோடும் கீழே கீழே இறங்கி, இருண்ட ஆழத்திற் சேர்ந்துவிடுகின்றது. ஒளி உள்ள இடத்தில் உரமில்லை. உரம் உள்ள இடத்தில் ஒளியில்லை. நீலமணி போலத் தெளிந்து அழகாகக் காட்சியளிக்கும் வெப்பமண்டலப் பெருங்கடலின் நடுப்பகுதி, விளைச்சலை நோக்கும்போது பெரும்பாலும் பாலைவனமே.

அப்பாலைக்கு நீர் பாய்ச்சுவது போல உரத்தை மேலே கொண்டுவந்து சேர்ப்பவை காற்றும் நீரோட்டமும். சோழகக் காற்று வலுவாக வீசும் மாதங்களில் இலங்கையின் தென்கரையோரத்திலும் கேரளக் கரையோரத்திலும் மேற்பரப்பு நீர் கரையைவிட்டு ஒதுக்கப்படுகின்றது. ஒதுங்கிய நீரின் இடத்தை நிரப்பக் கீழேயுள்ள குளிர்ந்த நீர், உரத்தைச் சுமந்துகொண்டு மேலெழுகின்றது. உடனே தயற்றங்கள் பெருகி நீர் பச்சை பூண்கின்றது. சூடை, மத்தி முதலிய மீன்கள் அங்கே திரள்கின்றன. கடலிலே காற்றுப் பொழுது மாறுவதற்கும் சந்தையிலே மீன் மலிவதற்கும் இடையேயுள்ள உறவினைக் கடற்றொழிலாளர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதன் காரணத்தையே பிற்காலத்து விஞ்ஞானம் விளக்கிற்று.

சங்கிலியின் இரண்டாவது கண்ணி விலங்குப் பிளாந்தன். அரிசிமணியினும் சிறிய, துடுப்புப் போன்ற கால்களையுடைய, இறாலின் இனத்தைச் சேர்ந்த உயிர்கள் இவற்றுட் பெருந்தொகையானவை. கண்ணாடிபோன்ற உடலுடன், சிறு கால்களை அசைத்து நீரோட்டத்தை உண்டாக்கி, அதில் வரும் தயற்றங்களைப் பற்றி அவை உண்கின்றன. நண்டு, இறால், சிப்பி, மீன் ஆகியவற்றின் குஞ்சுகளும் தம் இளமைப் பருவத்தை இக்கூட்டத்தினிடையே கழிக்கின்றன. பின்னாளிற் பெரும் வேட்டைமீனாகப் போகும் அறக்குளாவும் தன் குழந்தைப் பருவத்தில் இங்கே மிதந்து திரிந்ததுதான். நாளைக்கு விழுங்கப்போவதும் இன்றைக்கு விழுங்கப்படும் நிலையிலே இருக்கின்றது.

இவ்வுயிர்களுட் பல, பகலில் இருண்ட ஆழத்தில் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்தபின் மேலே வந்து மேய்ந்து, விடியுமுன் மீண்டும் இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக ஒலியை நீருக்குள் அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்டவர்கள், ஆழ்கடலிலே தரை இருக்கவேண்டிய இடத்திற்கு மிக உயரத்தில் ஒரு பொய்த்தரை இருப்பதாகக் கண்டு திகைத்தனர். மாலையில் அத்தரை மேலே ஏறியது. காலையிற் கீழே இறங்கியது. பின்னர்தான் அது தரையன்று, கோடானுகோடி சிற்றுயிர்களும் அவற்றைத் தொடர்ந்து வரும் மீன்களும் சேர்ந்த உயிர்ப்படலம் என்பது தெளிவாயிற்று. ஒவ்வோர் இரவும் உலகக் கடல்கள் எங்கும் நிகழும் இப்பயணமே உயிரினங்களின் பயணங்களுள் மிகப் பெரியது.

மூன்றாவது கண்ணியிலே சூடையும் நெத்தலியும் வருகின்றன. இவை வாயைத் திறந்தபடி நீந்துகின்றன. வாய்வழியே புகும் நீர் செவுள்வழியே வெளியேறும்போது, செவுளில் உள்ள சீப்புப் போன்ற முட்கள் பிளாந்தனை அரித்து நிறுத்துகின்றன. பெண்கள் அரிதட்டினால் மாவை அரிப்பதுபோல, மீன் கடலையே அரிக்கின்றது. நான்காவது கண்ணி அறக்குளா. கூர்மையான பற்களும் மிகுந்த விரைவும் உடைய அம்மீன், கூட்டமாகச் செல்லும் சூடையினுள்ளும் நெத்தலியினுள்ளும் பாய்ந்து வேட்டையாடுகின்றது. அதற்கும் மேலே பெருஞ்சுறாவும், வலையோடும் தூண்டிலோடும் வரும் மனிதனும் நிற்கின்றனர். சிறுவனின் வினாவுக்கு விடை இதுவே: சூடை பிளாந்தனைத் தின்றது, பிளாந்தன் சூரியவொளியைத் தின்றது.

இனி, இச்சங்கிலிக்கு ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த சாள்ஸ் எல்ற்றன் என்னும் உயிரியலறிஞர் 1927-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல உயிர்களின் தொகை குறைந்து, கோபுரம் போலக் கூம்புவதை எடுத்துக்காட்டினார். அவ்வாறு கூம்புவதன் காரணத்தை ஆராய்ந்தவர் அமெரிக்க இளைஞரான ரேமண்ட் லிண்டெமன். மினசோட்டா மாநிலத்திலே ஒரு சிறு நீர்நிலையில் வாழும் உயிர்களையெல்லாம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு எவ்வளவு சத்தி செல்கின்றது என்று அவர் கணக்கிட்டார். 1942-ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை அச்சேறுமுன்னரே, 27 வயது நிறையாத நிலையில் அவர் காலமானார். ஆயினும் அக்கட்டுரை சூழலியலின் போக்கையே மாற்றியது.

உயிரொன்று உண்ணும் உணவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் அதன் உடலாகி, அடுத்த உயிருக்கு உணவாக எஞ்சுகின்றது. மற்றை ஒன்பது பங்கும் மூச்சு விடுவதற்கும், நீந்துவதற்கும், இரை தேடுவதற்கும் செலவாகி வெப்பமாகப் போய்விடுகின்றன. அல்லது செரியாது கழிவாகின்றன. இப்பங்கு இடத்துக்கிடம் கூடியும் குறைந்தும் இருப்பினும், பொதுக்கணக்காகப் பத்துக்கு ஒன்று என்று கொள்ளலாம்.

கரையிலே கிடக்கும் அறக்குளாவின் நிறை 5 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். அந்த 5 கிலோகிராம் உடலாவதற்கு ஏறத்தாழ 50 கிலோகிராம் சூடை வேண்டியிருந்தது. அந்த 50 கிலோகிராம் சூடை வளர 500 கிலோகிராம் விலங்குப் பிளாந்தன் வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய தாவரப் பிளாந்தனோ 5000 கிலோகிராம், அதாவது 5 தொன். ஒரு லொறி நிறையப் புல்லை ஏற்றி வந்து ஒரே ஒரு மீனாக மாற்றி இறக்கினாற் போன்றது இது. வீட்டிலே அம்மீனைக் குழம்பு வைத்து உண்ணும்போது, அத்தனை பெரிய வயலின் விளைச்சலே உண்ணப்படுகின்றது.

பெருமீன்கள் ஏன் எப்போதும் அருமையாகவும் விலையுயர்ந்தும் இருக்கின்றன என்பதும், சூடையும் நெத்தலியும் ஏன் மலிந்து கிடக்கின்றன என்பதும் இக்கணக்கினாற் பெரிதும் விளங்கும். ஏழையின் மீன் என்று சிலர் இகழும் சூடை, சங்கிலியில் ஒரு கண்ணி தாழ்ந்து நிற்பதனாலேயே பெருந்தொகையினரின் பசியைத் தீர்க்க வல்லதாய் இருக்கின்றது.

இக்கணக்கை இயற்கையே நன்கு அறிந்துகொண்டது போலத் தோன்றும் ஓர் இடமும் உண்டு. இன்று வாழும் விலங்குகளுள் மிகப் பெரியது நீலத் திமிங்கிலம். இலங்கையிலே திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலிலும், தெற்கே மிரிச நோக்கிய கடலிலும் அதனைக் காணலாம். அது திமியையும் விழுங்குவதில்லை. வேறு பெருமீன்களையும் வேட்டையாடுவதில்லை. பல்லே இல்லாத அதன் வாயிலே தூரிகை மயிர் போன்ற தகடுகள் தொங்குகின்றன. கடல்நீரை வாய்நிறைய முகந்து, அத்தகடுகளின் வழியே நீரை வெளியேற்றி, உள்ளே தங்கும் சிற்றிறால்களை அது விழுங்குகின்றது. செடியை உண்ணும் சிற்றிறால், சிற்றிறாலை உண்ணும் திமிங்கிலம். சங்கிலி இரண்டே எட்டில் முடிந்துவிடுகின்றது. இடையிலே பல கண்ணிகள் இல்லாமையால், ஒன்பது பங்கு இழப்பும் பலமுறை நேர்வதில்லை. 20 மீற்றருக்கு மேல் நீண்ட பேருடலைக் கடல் தாங்குவது இதனாலேதான்.

சங்கிலி என்று சொல்வது விளங்கிக்கொள்வதற்காகவே. உண்மையிலே அது ஒரு வலை. கணவாய் சூடையையும் உண்ணும், இறாலையும் உண்ணும். அதனை அறக்குளாவும் உண்ணும், திமிங்கிலமும் உண்ணும். மேலும், வலையின் எந்த இழையும் மேலே சென்று முடிந்துவிடுவதில்லை. இறந்த உடல்களும் கழிவுகளும் மழைத்தூறல் போல ஓயாது ஆழத்தை நோக்கி இறங்குகின்றன. அங்கே நண்டும் புழுவும் அவற்றை உண்ணுகின்றன. எஞ்சியதைப் பற்றீரியாக்கள் சிதைத்து மீண்டும் உரமாக்குகின்றன. அவ்வுரம் என்றோ ஒருநாட் காற்றினால் மேலே வந்து மறுபடியும் தயற்றத்துக்கு உணவாகின்றது.

இத்தகைய வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் யாது நிகழும்? தென்னமெரிக்காவிலே பெரு நாட்டின் கரையில் ஆழ்நீர் மேலெழும் இடம் உலகிலே பெருவிளைச்சல் தரும் கடல்களுள் ஒன்று. அங்கே நெத்தலி இனத்து மீன் மலைமலையாகப் பிடிக்கப்பட்டு, பெரும்பகுதி விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தீனியாக அரைக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் 1 கோடி 20 இலட்சம் தொன்னுக்கு மேல் பிடித்தனர். 1972-ஆம் ஆண்டிலே, மீனவர்கள் குழந்தை யேசுவின் பெயரால் 'எல் நினோ' என்றழைக்கும் வெப்பநீர் வந்து கடலை மூடியது. உரமுள்ள குளிர்நீர் மேலெழவில்லை, பிளாந்தன் குறைந்தது. மீனும் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டிருந்தமையால், 1973-இல் அப்பிடிப்பு 20 இலட்சம் தொன்னையும் எட்டவில்லை. அம்மீனை நம்பியிருந்த கடற்பறவைகள் பெருந்தொகையாக மடிந்தன. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, படகுகள் கரையேற்றப்பட்டன. கீழ்க்கண்ணி தளர்ந்தபோது மேலே இருந்தவை யாவும் ஒருங்கே சரிந்தன.

மேற்கண்ணி அறுந்தாலும் தீங்கு உண்டு. வட பசிபிக் கடலோரத்திலே கடல் நீர்நாய் என்னும் விலங்கு வாழ்கின்றது. அதன் உரோமத்துக்காக 18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுகளில் அதனைக் கொன்று குவித்தனர். 1911-ஆம் ஆண்டில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தபோது சில சிறு கூட்டங்களே எஞ்சியிருந்தன. நீர்நாய் விரும்பி உண்பது கடல் முள்ளெலி என்னும், முட்கள் செறிந்த பந்து போன்ற உயிர். நீர்நாய் இல்லாத தீவுகளில் முள்ளெலிகள் பெருகிக் கடலடியிலே காடுபோல் வளர்ந்த பெருஞ் சாதாளைகளை அடியோடு தின்று அழித்தன. நீர்நாய் மீண்டும் வந்த தீவுகளிலோ சாதாளைக் காடும், அதை நம்பிய மீன்களும் இருந்தன. இவ்வேற்றுமையை 1974-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் இருவர் அலாஸ்காவின் தீவுகளிலே கண்டு உலகுக்கு அறிவித்தனர். விழுங்குவோன் வெறும் கொடியவன் அல்லன். சில வேளைகளில் அவனே காவலன்.

உணவுச் சங்கிலி உணவை மட்டும் கொண்டுசெல்வதில்லை, நஞ்சையும் கொண்டுசெல்லும். உணவின் கணக்கு மேலே செல்லச் செல்லக் குறைவது. நஞ்சின் கணக்கு மேலே செல்லச் செல்லக் கூடுவது. உண்ட உணவு மூச்சாகவும் வெப்பமாகவும் போய்விடும். ஆனால் உடலைவிட்டு எளிதில் நீங்காத நஞ்சு போவதில்லை. பத்துச் சிறுமீன்களின் உடலில் இருந்த நஞ்சு ஒரு பெருமீனின் உடலில் ஒன்றுசேரும். யப்பானிலே மினமாட்டா என்னும் விரிகுடாவில் ஒரு தொழிற்சாலை இரசம் கலந்த கழிவை நெடுங்காலம் விட்டுவந்தது. நீரில் அதன் அளவு மிகச் சிறிது. பிளாந்தனில் அது கூடியது. மீனில் மேலும் பன்மடங்கு கூடியது. மீனைத் தின்ற பூனைகள் வலிப்புக் கண்டு துடித்து இறந்தன. 1956-ஆம் ஆண்டில் மனிதரின் நோயாகவும் அது வெளிப்பட்டது. கை கால் வசமிழந்து, பேச்சும் பார்வையும் கெட்டவர் பலர். கருவிலிருந்த குழந்தைகளையும் அந்நோய் விடவில்லை. காரணம் அக்கழிவுதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-ஆம் ஆண்டிலேதான். நஞ்சை அருந்தியவர் எவருமில்லை. அவர்கள் உண்டது தம் கடலின் மீனையே.

இலங்கைக் கடலும் இத்தகைய அச்சத்தினின்று நீங்கியதன்று. 2021-ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கிற்று. அதிலிருந்த 1600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாத்திக்கு மணிகள் கடலிலே கொட்டுண்டு, மேற்குக் கரையெங்கும் உப்புக் குவித்தாற்போல ஒதுங்கின. மீன்முட்டை அளவேயான அம்மணிகளை மீனும் ஆமையும் இரையென்று மயங்கி விழுங்கக்கூடும். மக்கிப்போகாத அம்மணிகள் தேய்ந்து தேய்ந்து, பிளாந்தனின் அளவுக்குச் சிறுத்துச் சங்கிலியின் அடிக்கண்ணியிலேயே புகுந்துவிடும். கரையில் எறியும் பையும் போத்தலும் சென்றடையும் வழியும் இதுவே.

பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த தரையிலே கடற்புல் வளர்ந்திருக்கின்றது. பிளாந்தனைப் போலன்றி, இது கண்ணாற் காணத்தக்க மேய்ச்சல் நிலம். ஆவுளியா என்னும் கடற்பசு அப்புல்லையே மேய்ந்து வாழ்கின்றது. ஓரா மீனுக்கு அங்கே இரை உண்டு. இறாற் குஞ்சுகளுக்கும் நண்டுக் குஞ்சுகளுக்கும் அதுவே தொட்டில். இழுவைமடி என்னும் வலை, பாரங்கட்டிக் கடலடித் தரையோடு உரசி இழுக்கப்படும்போது, புல்லும் வேரும் பெயர்கின்றன. வளரும் குஞ்சுகளும் விலைபோகாத சிற்றுயிர்களும் வாரி எடுக்கப்பட்டு வீணாகின்றன. இலங்கையிலே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அடிமட்ட இழுவைமடித் தொழில் தடைசெய்யப்பட்டது. கடற்புல்லுக்கு எல்லைக்கோடு தெரியாது; அதனைப் பேணும் கடமை நீரிணையின் இரு கரையாருக்கும் உரியது. இன்றைய வலை நிரம்புவதற்காகத் தொட்டிலை உடைத்தவர், நாளைய வலையை வெறுமையாக்கியவர் ஆவர்.

மீண்டும் பருத்தித்துறைக் கரைக்கு வருவோம். மச்ச நியாயம் என்று சொன்னவர்கள் கரையிலே நின்று கண்டது உண்மையின் ஒரு பாதி. பெரியது சிறியதை விழுங்குகின்றது என்பது மெய்யே. பெரியது சிறியதனாலேயே உயிர்வாழ்கின்றது என்பது மற்றைப் பாதி. சூடையின்றி அறக்குளா இல்லை. பிளாந்தன் இன்றிச் சூடை இல்லை. தெளிந்த நீரும், சூரியவொளியும், காற்றுக் கொணரும் உரமும் இன்றிப் பிளாந்தன் இல்லை. சங்கிலியின் உச்சியில் இருப்பதாக எண்ணும் மனிதன் உண்மையிலே எல்லாக் கண்ணிகளையும் நம்பித் தொங்குகின்றான்.

அடுத்த முறை அச்சிறுவன் "சூடை எதைத் தின்றது?" என்று கேட்கும்போது, தந்தை தயங்க வேண்டியதில்லை. கடலோரத்திலே குனிந்து, இரு கையாலும் சிறிது நீரை அள்ளி, "இதோ, இதைத் தின்றது" என்று காட்டலாம். கையிலே நீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரியாத அதனுள்ளேதான் சூடையின் உணவும், அறக்குளாவின் உணவும், நாளைக்கு அவன் வீட்டு அடுப்பில் ஏறவேண்டிய உணவும் இருக்கின்றன என்பதை அச்சிறுவன் அறிந்துகொண்டால், அந்நீரிலே ஒரு குப்பையை எறிவதற்கும் அவன் கை கூசும்.